காரணம் சொல்லப் போகாதே, மக்ளே

மணவாளக்குறிச்சி,
18.8.2024

அன்பு மக்ளே,

கோழிக்கோட்டிலிருந்து நீ போட்ட வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. நர்சிங் கல்லூரி ஜெபக்குழுவோடு அடுத்த வாரம் மேப்பாடி முகாமுக்குப் போகிறாய் என்று உன் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். நீ கேட்டவை இரண்டு. வயநாட்டு மண்சரிவில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தவர்களிடம் என்ன பேசுவது? இதைக் கடவுள் ஏன் நடக்கவிட்டார் என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? போனில் கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு உன்னிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கொஞ்சம் ஒதுங்கியே நில். முகாமில் யாருக்கும் காரணம் சொல்லப் போகாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதும், காரணம் சொல்வதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதும்தான்.

நீ சுனாமிக்கு அடுத்த வருடம் பிறந்தவள். அதை டிசம்பர் 26 தோறும் நடக்கும் ஜெபமாகவும் மெழுகுவர்த்தி ஊர்வலமாகவும் மட்டுமே அறிவாய். 2004இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் குலுங்கியபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை இலங்கையைச் சுற்றி, குமரிமுனையைக் கடந்து, நம் மேலக்கடலுக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரத்திலும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொட்டில்பாட்டில் அலையைக் கண்டு கிழக்கே ஓடியவர்களை ஊருக்குப் பின்னால் கிடந்த ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. 1860இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. முன்னால் கால்வாய், பின்னால் கடல். அந்தச் சின்ன ஊரில் மட்டும் ஏறத்தாழ இருநூறு பேர் போனார்கள். குளச்சல் காணிக்கை மாதா கோவில் வளாகத்தில் ஒரே குழியில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை அடக்கினார்கள். மாவட்டம் முழுக்கச் சுமார் எண்ணூறு பேர். சவப்பெட்டிக்கு நேரமில்லை, பெயர் கேட்டு எழுதவும் நேரமில்லை. பிள்ளைகள் பலரின் உடம்பில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுத்துணி அப்படியே இருந்தது. முந்தின நாள்தான் அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தார்கள்.

அரிசி லாரி வந்து சேருவதற்கு முன்பே காரணங்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றில் மூன்றை உனக்குச் சொல்லி வைக்கிறேன். மேப்பாடிக்கும் அவை கட்டாயம் வரும்.

முதலாவது, 'இது பாவத்துக்குத் தண்டனை' என்பது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் முகாம் வாசலில் நின்று இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி எழுந்து, "மூணு வயசுப் பிள்ளைக்கு என்னய்யா பாவம்?" என்று கேட்டாள். அவருக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அது வேதத்துக்கு எதிரான பதிலாகத்தான் இருந்திருக்கும். லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை ஆண்டவர் பேசுகிறார். செத்தவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். உயிரோடு இருக்கிற நீங்கள் உங்களைப் பாருங்கள் என்று பேச்சைக் கேட்டவர் பக்கமே திருப்பிவிடுகிறார். செத்தவனுடைய கணக்கை நாம் எழுத அவர் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, 'எல்லாம் கடவுள் திட்டம், நன்மைக்கே' என்பது. கேட்க இனிப்பாக இருக்கும். சொல்கிறவருக்கு ஆறுதலாகவும் இருக்கும், சுமக்கிறவருக்குத்தான் பாரம். யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பார். ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் யார் மேல் கோபப்படுகிறார்? தன்னோடு வழக்காடிய யோபுவின் மேல் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள் மேல்.

இந்த யோபு நம் நாட்டுக்குப் புதியவன் இல்லை. 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டிலனாய் இருக்கிறாரே, அவரிடம் ஒருநாள் நட்டாலம் நீலகண்ட பிள்ளை வாடிய முகத்தோடு வந்தார். மாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று, வீட்டில் நிம்மதி இல்லை. டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. உனக்கு ஏன் இப்படி ஆயிற்று என்ற விளக்கம் அதில் கிடையாது. உன்னைப் போலவே ஒருவன் இழந்தான், அழுதான், கேட்டான், கடவுளை விடவில்லை என்ற துணைதான் இருக்கிறது. அந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். நாம் சி.எஸ்.ஐ. சபைக்காரர், புனிதர் வணக்கம் நமக்கு இல்லை. ஆனால் நொந்து வந்தவனிடம் எதைப் பேச வேண்டும் என்பதை டிலனாயிடம் கற்றுக்கொள்வதில் சபை வித்தியாசம் எதற்கு?

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அது சாட்சி என்ற பெயரில் வரும். 'கர்த்தர் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார்.' தப்பித்தவர் நன்றி சொல்ல வேண்டியதுதான். அதைத் தனியறையில் சொல்லட்டும். பக்கத்துப் பாயில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள் படுத்திருக்கும்போது மைக்கில் சொன்னால், அவள் காதில் அது வேறு மாதிரி விழும். சுனாமியன்று வேளாங்கண்ணியில் கோவில் தப்பியதை இன்றும் அற்புதமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதே காலையில் அந்தக் கோவிலுக்கு வந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் கடற்கரையில் செத்தார்கள். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளில், லிஸ்பனில் கோவில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்து கூரை இடிந்து விழுந்தது. ஐரோப்பாவின் அறிஞர்கள் அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கட்டடம் நின்றதையும் விழுந்ததையும் வைத்துக் கடவுளின் மனதைப் படிக்கப் போனால் இரண்டு பக்கமும் உதைக்கும்.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன என்று கேட்பாய். நான் நம்புவதைச் சொல்கிறேன். அலையை அனுப்பியவர் என்றல்ல, அலைக்குள் அகப்பட்டவர்களின் பக்கம் இருப்பவர் என்றே ஆண்டவரை நான் அறிகிறேன். தன்னை ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு அங்கே வானத்திலிருந்து பதில் வரவில்லை. மகனே கேட்ட கேள்வியை மேப்பாடியில் ஒரு தாய் கேட்டால் அது அவிசுவாசம் ஆகாது. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் படி. மற்ற புலம்பல் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் முடிவிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அதுகூட இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதம் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகையால் யாராவது உன் முன்னால் கடவுளைத் திட்டினால் கடவுளுக்காகச் சண்டைக்குப் போகாதே. அவர் தாங்கிக்கொள்வார். நீ தண்ணீர் கொண்டுபோய்க் கொடு.

காரணம் சொல்லாமல் கூட இரு என்று நான் சொல்வதற்கு, சும்மா உட்கார்ந்திரு என்று அர்த்தமில்லை. நீ நர்சிங் படிக்கிறவள், நல்ல சமாரியன் கதையை நர்சின் கண்ணோடு வாசித்துப் பார். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், கட்டுப்போடுகிறான். தன் மிருகத்தில் ஏற்றுகிறான். சத்திரத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். மறுநாள் பணம் கட்டுகிறான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். முதலுதவி, வண்டி, படுக்கை, செலவு, மறுபடி வருகிற தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. அடிபட்டவனுக்கு அவன் ஒரு வார்த்தை உபதேசம் சொன்னதாகக் கதையில் இல்லை. அடிபட்டவன் எந்த மதம் என்று விசாரித்ததாகவும் இல்லை.

மதம் பற்றி இதையும் கேட்டுக்கொள். சுனாமி நிவாரணத்தில் சில இடங்களில் ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் சாமான் என்று நடந்துகொண்டதாகப் புகார் வந்தது. பட்டினி கிடப்பவனிடம் ஜெபத்தை விலையாகக் கேட்பது ஊழியம் இல்லை, வியாபாரம். அவர்களாகக் கேட்டால் ஜெபி. கேட்காவிட்டால் ராத்திரி உன் அறையில் அவர்களுக்காக ஜெபி, அது போதும். பரங்கிப்பேட்டையில் சுனாமியன்று ஒரு கல்யாணத்துக்குச் சமைத்திருந்த சாப்பாட்டை அப்படியே மீனவர்களுக்குக் கொடுத்தார்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். அதன்பிறகும் ஜமாஅத் பொங்கிப் போட்டது. சாப்பிட்டவர்கள் யாரிடமும் கலிமா சொல்லச் சொல்லவில்லை. நம் பக்கத்து மண்டைக்காட்டில் 1982இல் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். மாசிக் கொடை நேரத்தில் தொடங்கிய கலவரம், துப்பாக்கிச் சூடு, எரிந்த குடிசைகள். குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகச் சமாதானம் பேச வேண்டியிருந்தது. ஒரே சந்தையில் நின்றவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் கழிந்த வருடங்கள் அவை. அப்படிப்பட்ட ஊர்களில் 2004இல் கடற்கரையிலிருந்து நனைந்த துணியோடு ஓடி வந்தவர்களை உள்நாட்டார் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இப்போது வயநாட்டுப் புத்துமலையில் ஆள் அடையாளம் தெரியாதவர்களை அடக்கியபோது எல்லா மதத்தாரும் ஜெபித்தார்கள் என்று படித்தேன். கல்லில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதாமே. அங்கே போனால் நீயும் நின்று ஜெபித்துவிட்டு வா.

இனி உன் முதல் கேள்வி, என்ன பேசுவது. பேச்சைவிடக் காரியம் பெரிது, அதுவும் சின்னக் காரியம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. கொடுத்தவர்களுக்கு மனது இருந்தது, வாங்குகிறவர்களும் மானம் உள்ளவர்கள் என்ற நினைப்புத்தான் இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் போர்வை தேவைக்கு மேல் இருந்தது, பெண்களுக்கு உள்ளாடை இல்லை. நாப்கின் இல்லை, சீப்பு இல்லை. ஆண்கள் நடத்திய கவுண்டரில் எந்தப் பெண் போய்க் கேட்பாள்? ஒரு கன்னியாஸ்திரி நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், பெண்களிடம் மட்டும் காதோடு காதாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்து அந்த முகாமில் நடந்த முதல் நல்ல ஊழியம் அதுதான். நீயும் ஒரு நோட்டு வைத்துக்கொள். சர்க்கரை மாத்திரை நின்றுபோனவர்கள், பிரஷர் மாத்திரை மண்ணில் போனவர்கள், பால் கட்டிக்கொண்டு வேதனைப்படுகிற தாய்மார், இவர்களைத் தேடிப் பார்.

பட்டியலில் விழாமல் போனவர்களையும் பார். சுனாமிக்குப் பிறகு வள்ளம் போனவனுக்குக் கணக்கு இருந்தது. தலைச்சுமடாக மீன் விற்றவளுக்கும், கருவாடு காயப்போட்டவளுக்கும் கணக்கு எழுத ஆள் இல்லை. சில மாவட்டங்களில் தலித் குடும்பங்கள் நிவாரண வரிசையிலும் பின்னால் தள்ளப்பட்டதை அப்போதே பலர் எழுதினார்கள். வயநாட்டிலும் தேயிலைத் தோட்டத்து லயன்களில் இருந்தவர்களில் தமிழர்கள் உண்டு, வடநாட்டிலிருந்து வந்த கூலிக்காரர்கள் உண்டு. ரேஷன் கார்டு வேறு மாநிலத்தில் இருக்கும். பேச மொழி இருக்காது. உனக்குத் தமிழும் மலையாளமும் தெரியும், அதுவே அங்கே பெரிய உதவி.

எங்கள் அம்மா, உன் பாட்டி, செய்த ஒரு காரியத்தைச் சொல்லட்டுமா? சுனாமிக்குப் பிறகு மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்று ஒரு பேச்சு பரவி, ஊர் ஊராக மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் கடனை உடனை வாங்கிக் கடலுக்குப் போய்க் கொண்டுவந்த மீன் விற்கவில்லை. நம் வீட்டுக்கு வழக்கமாக வருகிற மீன்காரி ஒருநாள் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். கூவவில்லை. "யாரும் வாங்க மாட்டுக்காவ அம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா என்றைக்கும் அவளிடம் பேரம் பேசுகிறவள், ஒரு ரூபாய்க்குக் கால் மணி நேரம் நிற்பாள். அன்றைக்கும் பேரம் பேசினாள். பரிதாபப்பட்டுக் கேட்ட விலையைக் கொடுத்துவிடவில்லை. சாளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, வழக்கம்போல் சண்டை போட்டு வாங்கினாள். அவளை உட்காரவைத்து, வாசலிலேயே வைத்துக் கழுவி, புளிமுளம் வைத்தாள். அந்த வாசனை தெருவுக்கே போயிற்று. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியும் வாங்கினாள். அம்மா அதைத் தர்மம் என்று நினைக்கவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி மீன்காரியாக்கிவிட்டாள், அவ்வளவுதான். நிவாரணக் கவுண்டரில் கையேந்தி நின்றவளுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு சரியான பேரம். மேப்பாடியில் டீக்கடையை மறுபடி திறந்தவன் இருந்தால் அவன் கடையில் டீ குடி. காசு கொடுத்துக் குடி.

கடவுளிடம் கேட்கிற கேள்வியில் பாதியை மனிதர்களிடம் கேட்கவும் பழகு. பூமி ஏன் குலுங்கியது என்பது கடவுளிடம் போகிற கேள்வி. மூன்று மணி நேரம் ஏன் யாரும் சொல்லவில்லை என்பது அப்படி இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. ஒக்கி புயலின்போது, 2017இல், கடலில் கிடந்தவர்களைத் தேட ஏன் தாமதம் என்று கேட்டுத் தூத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் பங்குத்தந்தையரோடு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டதோடு நிற்கவும் இல்லை, தங்கள் படகுகளிலேயே தேடவும் போனார்கள். அதே கடற்கரை மீனவர்கள் சிந்திய கண்ணீர் காய்வதற்குள் 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஜனங்களை மீட்கப் போனதை நீ பள்ளியில் படிக்கிற காலத்திலேயே பார்த்தாய். வயநாட்டு மலைச்சரிவுகளைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இலேயே எழுதிக் கொடுத்தது. புத்துமலையில் 2019இலேயே மண் சரிந்தது. இதையெல்லாம் கேட்பது அரசியல், ஜெபக்குழுவுக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் படிக்கச் சொல். ஆனால் முகாமில் இருக்கிற நாட்களில் இதைப் பேசாதே. அங்கே வேலையைப் பார், கேள்வியை வந்தபிறகு எழுது.

உன்னால் முடியாமல் போகும் நேரங்கள் வரும். அதற்காக ஒரு பழைய செய்தி. 1544 ஜூனில் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது கிறிஸ்தவர்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடி, பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவோடு புறப்பட்டார். எதிர்க்காற்று. துடுப்பு போட்டும் முனையை எட்ட முடியவில்லை, திரும்பிவந்தார். அதை ஒளிக்காமல் கடிதத்தில் எழுதியும் வைத்தார். பிறகு தரைவழியாக நடந்தே போய் அந்த ஜனங்களைப் பார்த்தார். படகு போகவில்லை என்பதால் விசுவாசம் பொய்யாகிவிடவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார். நீ கொண்டுபோன மருந்து போதாமல் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அன்று ராத்திரியே இறந்துபோகலாம். அழு. மறுநாள் காலையில் டியூட்டிக்குப் போ.

சேற்றில் இறங்க வேண்டியிருந்தால் எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே போட்டுக்கொள். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதே. துக்கத்தில் இருக்கிறவர்களைப் போட்டோ எடுக்காதே, மற்றவர்களையும் எடுக்க விடாதே. ஸ்டேட்டஸ் போடாதே.

கடைசியாக ஒன்று. கேமராக்கள் ஓணத்தோடு கிளம்பிவிடும், தொண்டர்கள் தீபாவளியோடு குறைவார்கள். சுனாமிக் குடும்பங்களைத் தார் அட்டைக் கொட்டகையில் வைத்திருந்தபோது, கோடை வந்து அது அனலாய்க் கொதித்தபோது, எட்டிப் பார்க்க வந்தவர்களைச் சுலபமாக எண்ணிவிடலாம். சத்திரக்காரனிடம் திரும்பி வருவேன் என்று சொன்னானே சமாரியன், கதையில் எனக்கு அதுதான் கஷ்டமான வரி. ஆகையால் இப்போது போகிற நீ பிப்ரவரியிலும் ஒரு தடவை போ. பரீட்சை இருக்கும், வீட்டில் திட்டுவார்கள், ஜெபக்குழுவில் பாதிப்பேர் வரமாட்டார்கள். வண்டிச் செலவை நான் அனுப்புகிறேன். போய், நோட்டில் எழுதிவைத்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரி.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

அன்புடன்,
உன் மாமா